உ போட்ட சாவி

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.” கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, கணினித் திரையில் இருக்கும் சின்னக் கோடுகளை எண்ணுகிறாள் ஹஸ்னா. கீழே அத்தாவின் கடையில் மிளகாய் வத்தல் மூட்டை பிரிக்கிறார்கள் போலிருக்கிறது. நெடி மாடிப்படி ஏறி வருகிறது. ஒரு தும்மல். எண்ணிக்கை போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். அஞ்சு கோட்டை எண்ணுவதற்கு இம்புட்டுப் பாடா என்று கேட்டால், “நாலு இருந்தாலும் தெறக்காது, ஆறு இருந்தாலும் தெறக்காது” என்பாள்.

விருதுநகரில் அவள் தெருவுக்குள் அவளுக்குப் பெயர் ‘சாவி செய்யிற புள்ள’. எதிர்வீட்டுச் சோலையம்மாள் ஒருநாள் உடைந்த பீரோ சாவியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தான் செய்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாவி, கையால் தொட முடியாது, வெறும் எழுத்துதான் என்று ஹஸ்னா பொறுமையாக விளக்கினாள். சோலையம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு, “அது சரித்தா, இத எப்ப வந்து வாங்கிக்கிட?” என்றார். பஸ் ஸ்டாண்டு அருகே குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் ஹஸ்னாவே கொண்டுபோய் அடித்து வாங்கிவந்து கொடுத்தாள். தெருவில் அவள் பெயர் இன்னும் பலப்பட்டது.

அவள் செய்யும் சாவி நிஜமாகவே வெறும் எழுத்துதான். மேலே அஞ்சு கோடு, ‘பிகின் பப்ளிக் கீ’, மறுபடி அஞ்சு கோடு. அடியில் அதே மாதிரி ‘எண்ட்’ என்று ஒரு வரி. நடுவில் இருப்பது கோழி கிளறிய குப்பை மாதிரி எழுத்தும் எண்ணும். இந்தச் சாவிகள் ஜோடியாகத்தான் பிறக்கும். ரகசியமானது பட்டாசு ஆலையில் மருந்து அறைச் சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டியிடம் இருக்கும். ஊருக்கே காட்டக்கூடிய மற்றது முற்றத்தில் இருக்கும் அபாயச் சங்குப் பெட்டியிடம். அறையில் சூடு ஏறினால் சின்னப் பெட்டி தன் ரகசியச் சாவியால் முத்திரை போட்டுச் சேதி அனுப்பும். முத்திரை நம்முடையதுதானா என்று தன் சாவியை வைத்துப் பார்த்த பிறகே சங்கு ஊதும்.

இதை எல்லாம் அவள் எழுதுவது ‘சி’ என்ற கணினி மொழியில். ரொம்பக் கறாரான மொழி அது. பள்ளம் இருக்கிறது பார்த்து வா என்று சொல்லாது, விழுந்த பிறகும் சொல்லாது. அதனால் சொல்லும் வேலையை ஹஸ்னா தானே எடுத்துக்கொண்டாள். “கடைசிப் பூஜ்யத்துக்கு எடம் விடுலே”, “தெறந்தேல்ல, மூடிட்டுப் போ” என்று திரையைப் பார்த்து அதட்டிக்கொண்டே தட்டுவாள். சாவியைக் கோப்பில் எழுதி முடித்ததும் அப்படியே விடமாட்டாள். எழுதியதை அதே புரோகிராமால் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்ப்பாள். சந்தேகப் பிராணி என்று கேலி செய்தால் கோபமே வராது. ஆமா என்பாள்.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குத்தான் இந்தப் பெட்டி. அங்கே முன்னால் இருந்த சங்குக்கு விவரம் போதாது. பக்கத்துக் கம்பெனிக் கருவி சிணுங்கினாலும் இது ஊதிவிடும். முதலில் பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். பிறகு எழுந்திருப்பதே இல்லை. “அது கூவுனா கூவிட்டுப் போகுது. ஓடி ஓடிக் கூலிதான் போச்சு” என்றாள் அந்த ஷெட்டில் மூத்தவளான முருகேஸ்வரி. செய்யும் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்னும்போது அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆனால் அதைக் கேட்ட அன்று ஹஸ்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. நிஜமாகவே ஊதும் நாளிலும் இவர்கள் உட்கார்ந்தே இருப்பார்களே என்று பயந்தாள். பொய் சொல்லாத ஒரு சங்கு செய்தே தீருவது என்று அப்போதுதான் பிடிவாதம் வந்தது.

செய்தும் விட்டாள். சங்குப் பெட்டிக்கான சாவியை மெயிலில் அனுப்பினாள். அதைப் பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருக வேண்டியது கம்பெனிக் கணக்குப்பிள்ளை காளீஸ்வரன். அவர் செருகினார். சின்னத் திரையில் ‘நோ ஸ்டார்ட் லைன்’ என்று வந்தது. தொடக்க வரியே காணோமாம். மறுநாள் சீசன் வேலை தொடங்குகிறது. இது ஓடாவிட்டால் பழைய சங்கையே மாட்டிவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஹஸ்னா மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். ஆமத்தூர் தாண்டும்வரை அஞ்சு கோட்டில் எதை விட்டோம் என்றே யோசனை.

கம்பெனி ஆபீஸில் கோப்பைத் திறந்து பார்த்தால் கோடெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் கோட்டுக்கு முன்னால், அதை ஒட்டினாற்போல், ஓர் எழுத்து உட்கார்ந்திருந்தது. உ.

இதை எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டாள். “என்னம்மா இப்படிக் கேக்கீக?” என்றார் காளீஸ்வரன். “மொட்டையா இருந்துச்சு. சீசன் ஆரம்பிக்கிற நேரம், பிள்ளையார் சுழி இல்லாம எப்படிம்மா உள்ள விடுறது?”

நல்ல தொடக்கத்துக்காக அவர் போட்டதைப் பார்த்துத்தான் கருவி தொடக்கமே இல்லை என்கிறது. ஹஸ்னா சிரித்துவிட்டாள். தலையில் பிஸ்மில்லாவுக்கு எழுநூற்று எண்பத்தாறு போடாமல் அத்தா ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதமாட்டார். அவள் எந்த முகத்தோடு காளீஸ்வரன் அண்ணாச்சியைக் கோபிப்பது? உ-வை அழித்துச் சேமித்துச் செருகினாள்.

மறுபடியும் ‘நோ ஸ்டார்ட் லைன்’.

காளீஸ்வரன் முகம் செத்துப்போனது. தன் கை பட்டதால் கெட்டுப்போச்சா என்று இரண்டு தரம் கேட்டார். ஹஸ்னா மறுபடி திரை முன்னால் உட்கார்ந்தாள். கோப்பை எண்களாக மாற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அகப்பட்டது. தமிழ் எழுத்து உள்ளே வந்ததும் அந்த ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் போட்டிருக்கிறது. உ போன பிறகும் அது போகவில்லை. முதல் கோட்டுக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

அதைத் துடைத்துவிட்டு, இனிமேல் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த சாவி வந்தாலும் மனுஷர் மொட்டையாக விடப்போவதில்லை. தவிர, வாசிக்கும் புரோகிராமின் குணம் அவளுக்குத் தெரியும். தொடக்க வரி எந்த வரியில் வந்தாலும் அதற்குச் சரிதான், அதற்கு மேலே எழுதியிருப்பதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். கோடுகள் மட்டும் வரியின் தொடக்கத்தில் நிற்க வேண்டும்.

“அண்ணாச்சி, உ போடுங்க” என்றாள். “போட்டுட்டு ஒரு என்டர் தட்டுங்க.”

தட்டினார். கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் உ-வும் மேல் வரியில் தங்கிக்கொள்ள, அஞ்சு கோடும் கீழே தலைநிமிர்ந்து நின்றது. பெட்டி வாசித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“அப்ப பிள்ளையார் மேல தப்பு இல்ல?”

“இல்ல அண்ணாச்சி. தனி வரி கேட்டாரு, அம்புட்டுத்தான்.”

பெட்டி நம்பிவிட்டது, பெண்கள் நம்ப வேண்டுமே. சும்மா கிடந்த அறையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, எப்போது தோன்றுகிறதோ அப்போது அதன் அடியில் ஒரு டம்ளர் சுடுடீயைப் பிடிக்கும்படி காளீஸ்வரனிடம் சொன்னாள். பிறகு போய் ஷெட்டில் பெண்களோடு உட்கார்ந்தாள். அன்றைக்கு மருந்து வேலை கிடையாது. காலிக் குழாய்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புதுச் சங்கு பொய்யாகக் கூவாது என்று அவள் சொன்னதை முருகேஸ்வரி தலை நிமிராமல் கேட்டாள்.

“எத்தனயோ சங்கு பாத்தாச்சு தாயி.”

சங்கு ஊதியது.

ஒருத்தியும் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முருகேஸ்வரியைப் பார்த்தார்கள். பசை தொட்ட விரலோடு முருகேஸ்வரி ஹஸ்னாவைப் பார்த்தாள். அது வெறும் டீ டம்ளர் என்று அந்தக் கூட்டத்தில் ஹஸ்னா ஒருத்திக்குத்தான் தெரியும். சோதனைதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் வேலையைப் பார்ப்பார்கள், இனி எந்தச் சங்குக்கும் எழமாட்டார்கள்.

மடியில் இருந்த கணினியைத் தரையில் போட்டுவிட்டு, செருப்பைத் தேடாமல், வெயில் காய்ந்த மணலில் ஹஸ்னா வாசலைப் பார்த்து ஓடினாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏ, அந்தப் புள்ளயே ஓடுது” என்று முருகேஸ்வரி எழுந்தாள்.