சிறகு வெட்டிய தேன்

உழைத்தவனுக்கே விளைச்சல் என்று சைகோன் துறைமுகத்தில் தொண்டை கிழியக் கத்திய நான், கடைசியில் தேனீக்கள் சேர்த்ததை எடுத்து விற்கும் தொழிலுக்கு வந்தேன். கொள்கையையும் வயிற்றையும் சேர்த்தே வளர்க்க வேண்டியிருந்த சக பாவிகளுக்கு இது புரியும்.

கத்தரிக்கோல்

சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்த பிறகு, புதிய ஆட்சியில் சங்கம் வைக்க எங்களைப் போன்றவர்கள் தேவைப்படவில்லை. சொந்த ஊரான காரைக்காலுக்குத் திரும்பவும் மனமில்லை. என் மனைவி லானின் உறவினர்கள் செய்வதைப் பார்த்து, ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு தேன்பெட்டிகள் வைத்தோம். ரப்பர் தளிர்க்கும்போது தேன் கிடைக்கும். தளிர் முற்றினால் பட்டினி; கூட்டம் ஓடிவிடும். அதைத் தடுக்க ராணித் தேனீயின் ஒரு சிறகை வெட்டுவார்கள். ராணி பறக்காவிட்டால் கூட்டமும் நகராது.

முதல் நாள் என் கை நடுங்கியது. லான் கத்தரியைப் பிடுங்கி வெட்டினாள். "மேடையில மட்டும்தான் உங்க கை நடுங்காது, தோழரே."

கோயில் வாசல்

சைகோனில் த்ருவோங் டின் தெரு மாரியம்மனுக்கு அபிஷேகத் தேன் நான்தான் கொடுத்தேன். பல வருஷம் கழித்து அங்கே, சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம் ஒரு புட்டியை நீட்டினேன். தான் வீகன் என்றாள். பாலும் இல்லை, தேனும் இல்லை.

வீடு கொடுக்கிறோம், பஞ்சத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றுகிறோம் என்று விளக்கினேன். துறைமுக முதலாளிகள் கூலிகளைப் பற்றி என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.

"எல்லாம் குடுக்கறீங்க, சரி. போகணும்னா விடுவீங்களா, அங்கிள்?"

சைவக் கடை

சீனர் பகுதியான சோலோனில் பௌத்தர்களுக்குச் சைவ உணவுக் கடை நடத்திய ஹோங் அம்மாள்தான் என் தேனில் பாதிக்குமேல் வாங்கினாள். அவள் நிறுத்தினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. தேன் சைவம்தானா என்று அமாவாசை, பௌர்ணமிக்குச் சாப்பிட வருபவர்கள் அவளைத் துளைத்தார்கள். அவள் என்னைத் துளைத்தாள். பொய் சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து பொய் வராது என்ற திமிரில் சிறகு விஷயத்தைச் சொன்னேன்.

புட்டியை என் பக்கம் தள்ளினாள். "முடமாக்கி எடுத்ததை நான் எப்படிப் பரிமாறுவேன்? வெட்டாம கொண்டு வாங்கண்ணே, எவ்வளவுன்னாலும் வாங்கிக்கிறேன்."

பன்னிரண்டு பெட்டி

பழைய ராணிகளுக்குப் பதிலாக அடுத்து வந்த புது ராணிகளின் சிறகை வெட்டவில்லை. லான் கெஞ்சினாள், நான் துண்டறிக்கை மொழியில் பதில் சொன்னேன். தளிர் முற்றியது. ஊற்றிய பாகு அப்படியே கிடக்க, பத்தே நாளில் பன்னிரண்டு பெட்டிகளும் காலி. அடையில் ஒரு சொட்டுத் தேன் மிச்சமில்லை.

வெறுங்கையோடு போய் ஹோங் அம்மாளிடம் சொன்னேன். அவள் மனம் குளிர்ந்து கைகூப்பினாள். "நல்ல காரியம் பண்ணீங்கண்ணே. தேன் கிடைக்கிற வரைக்கும் நான் கரும்புப் பாகு ஊத்திச் சமாளிச்சுக்கிறேன்."

என் வாழ்நாளில் நான் நடத்தியவற்றில் முழு வெற்றி பெற்ற போராட்டம் இது ஒன்றுதான்: தொழிலாளிகள் ஒருவர் விடாமல் வெளியேறினார்கள், முதலாளியான நான் தெருவுக்கு வந்தேன்.