காப்புக் கயிறும் கொடுவா மீனும்

சிங்கப்பூரில் நான் வழிகாட்டியாகக் கூட்டிப்போகும் ‘லேர்னிங் ஜர்னி’ என்ற கல்விச் சுற்றுலாவில் மத்தியானம் ஒரு மீனைக் கொல்வார்கள். பஸ் ஏறுவதற்கு முன்பே இதை நான் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். காலையில் தேக்காவில் கூடுவோம். மீனும் கறியும் விற்கிற ஈரச் சந்தையில் ஒரு சுற்று, பிறகு கிராஞ்சிப் பக்கம் கீரைப் பண்ணை, காளான் கொட்டகை, கடைசியாக மீன் பண்ணை. தொட்டியிலிருந்து கொடுவாவை வலையில் அள்ளி, மேசைமேல் அழுத்திப் பிடித்து, மரக்கட்டையால் தலையில் ஒரே போடு. செவுளை வெட்டி ரத்தத்தை வடிய விட்டு ஐஸ் தண்ணீரில் போடுவார்கள். பக்கத்து அறையில் செதில் எடுத்து, துண்டு போட்டு, பையில் அடைப்பார்கள். அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் தலைக் கறியை விரல் நக்கித் தின்னத் தெரிகிறது, அது எப்படிச் செத்தது என்று பார்க்க மட்டும் மனசு வலிக்கிறதாம்.

அந்தச் சனிக்கிழமை தோ பாயோவில் ஒரே அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் குடும்பங்கள் வந்திருந்தன. அதில் ஒரு பெண் முந்தின வாரமே எனக்கு போன் செய்திருந்தாள். வீட்டுக்காரர் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கிறார், அவர்மேல் கவுச்சி படக்கூடாது, மீன் பண்ணைக்கு நாங்கள் போகிறபோது அவர் உட்கார வேறு இடம் இருக்குமா என்று கேட்டாள். காளான் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது, அங்கே உட்காரட்டும் என்றேன். அவள் விடவில்லை. பக்கத்து மேசையில் கோழி சாப்பிடுவார்களா, தட்டில் முட்டை இருந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே போனாள். இவ்வளவு பயப்படுகிறவள் எதற்காக அவரைக் கூட்டி வருகிறாள் என்று எனக்கு எரிச்சல். பஸ்ஸில் பார்த்ததும் புரிந்துவிட்டது. அவள் கூட்டி வரவில்லை. அவளைத் தனியாக அனுப்ப அவர் தயாராக இல்லை.

சந்தைக்குள் வராமல் அவளோடு பஸ்ஸிலேயே இருந்துவிட்டார். காலை முழுக்க அவர் யாரிடமும் குரலை உயர்த்தவில்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நெற்றியில் திருநீறு. ஆனால் மனைவியின் கை அவர் பிடியிலேயே இருந்தது. கீரைப் பண்ணையில் நான் கேட்ட கேள்விக்கு அவள் கையைத் தூக்கப் போனபோது அந்தப் பிடி இறுகியதைப் பார்த்தேன். அவள் முழங்கைக்கு மேலே பழைய ரத்தக்கட்டு ஒன்று பச்சை நிறமாக மாறிக்கொண்டிருந்தது. நான் கவனிப்பதைக் கண்டு சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

சொன்னபடி அவரைக் காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு மீன் பண்ணைக்குப் போனோம். அவர் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் வேறு ஆளாக இருந்தாள். முன்வரிசையில் நின்றாள், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், கேள்விமேல் கேள்வி கேட்டாள், ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். பின்னாலேயே அவர் வந்து வாசலில் நின்றது எனக்குத் தெரியாது.

வேலையாள் மீனை அழுத்திப் பிடித்துக் கட்டையை ஓங்கினான். மீன் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. பெரிய மீன். ஈரத் தரையில் அடித்துத் துள்ளி ஆட்களுக்கிடையே பாய்ந்தது. எல்லோரும் அலறிக்கொண்டு விலகினார்கள், அவள் மட்டும் விலகவில்லை. காலால் அதை மிதித்துப் பிடித்து, வேலையாள் கையிலிருந்த கட்டையைப் பறித்துத் தலையில் போட்டாள். ஒரு போடு போதும். மீன் அடங்கிவிட்டது. அவள் அடங்கவில்லை. தலை நசுங்கி, கண் பிதுங்கி, செவுளிலிருந்து ரத்தம் தெறித்தது. என்னால் கூடப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பியபோதுதான் வாசலில் அவரைப் பார்த்தேன். அவர் சட்டையில் ஒரு சொட்டு ரத்தம். முதலில் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். கயிற்றில் ஒன்றும் படவில்லை. அது நிச்சயமான பிறகுதான் நடந்து வந்து, அந்தக் கயிறு கட்டிய கையாலேயே அவள் கன்னத்தில் அறைந்தார். அவள் தொட்டி விளிம்பில் மோதி உட்கார்ந்துவிட்டாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தார்.

இதுவரை ‘அவர்’ என்று எழுதிக்கொண்டு வந்தேன். இனி அவன்தான்.

நான் குறுக்கே போய் விழுந்தேன். என் தோளில் ஒரு குத்து விட்டான். எல்லோருக்கும் கேட்பதற்காக நான் மாட்டியிருந்த கழுத்து மைக் அணைக்கப்படாமல் இருந்ததால், அவன் அவளைத் திட்டிய கெட்ட வார்த்தை ஒவ்வொன்றும் என் இடுப்பு ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. புளோக் ஆட்கள் சேர்ந்து அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள்.

“என் விரதத்தக் கெடுக்கப் பாக்குறா! வீட்டுக்கு வாடி, வச்சிக்கிறேன்!” என்று கத்தினான்.

கறி தின்றால் விரதம் கெட்டுவிடும், பெண்டாட்டியை அடித்தால் கெடாது. எந்த அம்மன் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வாள் என்று மைக்கிலேயே கேட்டேன்.

போலீஸைக் கூப்பிடட்டுமா என்று அவளைக் கேட்டேன். உதடு கிழிந்திருந்தது. கட்டையை அவள் இன்னும் விடவில்லை.

“நாளைக்கு நானே போறேன் அக்கா, எங்க போகணும்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு ராத்திரி மட்டும் அந்த ஆளு வீட்டுக்குள்ள வரக்கூடாது.”

என் வீட்டுக்கு வா என்றேன். தலையசைத்து மறுத்துவிட்டாள். அது அவளுடைய வீடு, அவள் ஏன் வெளியே போக வேண்டும் என்றாள். கொஞ்ச நேரம் தரையில் கிடந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வேலையாளிடம் போனாள்.

“இந்த மீன் எனக்கு வேணும். க்ளீன் பண்ணிக் கொடுங்க லா. தலையும் வேணும், குடலும் வேணும்.”

குடல் எதற்கு என்று அவன் விழித்தான். எனக்கு ஒரு நொடி பிடித்தது, அப்புறம் புரிந்தது. ஒரு சொட்டு ரத்தத்துக்கே முதலில் கயிற்றைப் பார்த்தவன். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் கவுச்சி இருக்கிற வீட்டுக்குள் அவன் காலெடுத்து வைக்க மாட்டான். மனிதர்களுக்குப் பயப்படாதவன், தீக்குழிக்குப் பயப்படுவான். நெருப்பில் கால் சுட்டால் விரதத்தில் குறை என்று ஊரே பேசும்.

அவனைப் பிடித்திருந்த இருவரோடு வேறொரு வண்டியில் பின்னால் வரச் சொல்லிவிட்டு நாங்கள் பஸ்ஸில் கிளம்பினோம். மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பாவாடையில் ஐஸ் தண்ணீர் சொட்டியது. தோ பாயோவில் எல்லோரையும் இறக்கிவிட்டு நானும் அவளோடு மேலே போனேன்.

குடலைத் தட்டில் கொட்டி வாசல் கம்பிக் கேட்டுக்கு உள்பக்கமாக வைத்தாள். சாமி படங்கள் இருந்த அலமாரியை மூடித் துணி போட்டாள். எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டு, மேசை விசிறியை வாசல் பக்கமாகத் திருப்பினாள். பொரித்த மீன் வாசம் காரிடார் முழுக்க அடித்தது.

லிஃப்ட் திறந்து அவன் வந்தான். பக்கத்து வீட்டு வாசல்வரை வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். கேட்டுக்குப் பின்னால் அவள் கரண்டியோடு நின்றாள்.

“வீட்ல மீன் பொரிச்சிருக்கேன். நீங்க கோயில்லயே தங்கிக்குங்க.”

அவன் கையை ஓங்கினான். எட்டவில்லை, இன்னும் கிட்டே வரவும் முடியவில்லை. ஓங்கிய கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு காறித் துப்பிவிட்டு லிஃப்டுக்குத் திரும்பிப் போனான். நான் போய் கேட் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன்.

“தீமிதி முடிஞ்சு காப்ப அவுத்துட்டா என்ன பண்ணுவே?” என்று கேட்டேன்.

“அதுக்குள்ள பூட்ட மாத்திடுவேன் அக்கா.”

இரண்டு தட்டில் சோறு போட்டு எனக்கும் மீன் வைத்தாள். அந்த மீனின் தலை நசுங்கியதைப் பார்த்தவள் நான். ஆனாலும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அவள் முள்ளை எடுத்துவிட்டுச் சின்னச் சின்னக் கவளமாக, அடிபடாத கன்னத்துப் பக்கம் ஒதுக்கி மென்று தின்றாள்.