தம்பியின் எடைக்கு எடை

எனக்கு எட்டு வயதாகும்வரை என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லை. அதில் தம்பி குடியிருந்தான். அம்மா விடிந்ததும் தொப்பம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் களையெடுக்கப் போய்விடுவாள். நான் அவனைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்று வாய்ப்பாடு கேட்பேன். ஏழாம் வாய்ப்பாடு வரும்போது சரியாக அழுவான். அதனால் இன்றுவரை எனக்கும் ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் தகராறு.

அந்த வருடம் எங்கள் ஊரில் சர்க்கார் பால்வாடி திறந்தது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அண்டா நிறைய வெந்நீரில் டீச்சர் ஏதோ மாவைக் கொட்டிக் கலக்கினார். மாடே இல்லாமல் பால் வந்தது. வாயைப் பிளந்து நின்றேன். பழனிமலையில்கூட அப்படி ஓர் அதிசயத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு வேப்பமரக் கிளையில் பெரிய தராசைத் தொங்கவிட்டு, ஒரு தட்டில் தம்பியை உட்காரவைத்து, மறுதட்டில் புதிதாக வந்திருந்த கிலோக் கற்களை அடுக்கினார்கள். நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தராசில் வைப்பது பழனியில் துலாபாரம் கொடுக்கத்தான். வைத்துவிட்டால் எடைக்கு எடை வெல்லமோ பழமோ கொடுத்தாக வேண்டும். அவ்வளவு வெல்லத்துக்கு அம்மா எங்கே போவாள்? மறுநாள் தம்பி என் இடுப்புக்கே திரும்பிவிட்டான். எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள், கரும்பாலையில் கூலியோடு கிடைத்த ஒரு வெல்ல உருண்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, அம்மா எங்கள் இருவரையும் பால்வாடிக்கு அழைத்துப்போனாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, இப்பத்திக்கு இதுதானுங்க இருக்குது. மிச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக் கொண்டாந்து தாரனுங்க. பையனை வச்சுக்கோங்க."

டீச்சருக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பிறகும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை மனதில் இன்றும் கும்பிடுகிறேன்.

"நீங்க ஒண்ணுமே தர வேண்டாமுங்க. பையன் எடை ஏறுதான்னு பாக்கத்தான் நிறுத்தோம். சர்க்காருதான் உங்களுக்குத் தருது."

அம்மா தராசை நிமிர்ந்து பார்த்தாள். எதையும் வாங்காமல் கொடுக்கிற ஒரு சாமியை அவள் அதற்குமுன் கண்டதில்லை. தம்பியை டீச்சர் கையில் கொடுத்தாள். வெல்லத்தை என் கையில் திணித்தாள்.

"பள்ளிக்கோடம் போ, கண்ணு."

வெறும் இடுப்போடு நடப்பது விசித்திரமாக இருந்தது; பழக்கதோஷத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனேன். தம்பிக்கான காணிக்கையைத் தின்கிறோமே, சாமி குத்தமாகிவிடுமோ என்ற பயத்தோடு வழியெல்லாம் வெல்லத்தை நக்கினேன். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் இருந்தேனே, பிறகு அம்மா யாருக்காக அந்த வெல்லத்தைச் சுமந்து வந்தாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை.