நெவில் அறைக் கடிகாரம்

இடுக்கியோடு ராஸ் திரும்புவதற்குள் நெவில் பாஸ்கோவின் நாற்காலி காலியாகியிருக்கும். ஒன்பது வருடமாக ராஸுக்கு ஆறாத கோபம் இது. ஞாயிற்றுக்கிழமை ராஸ் வீட்டு அடுப்பில் ஆட்டுக்கறித் துண்டு ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் திருப்பும் நேரம் பார்த்து, "மச்சான், கப்பல் கெளம்புது" என்று எழுந்து போய்விடுவான். கடல் அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு ஊரான ப்ரோக்கன் ஹில்லில் மழைத்தண்ணீர் தேங்கினாலே வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். அந்த ஊரில் டயர் கழற்றிப் பிழைக்கிறவன் மாலுமியாம்.

கப்பல் இருப்பது கணினிக்குள். எட்டு பேர் எட்டு ஊரிலிருந்து சேர்ந்து ஓட்டும் இணைய விளையாட்டு. தினம் தலையைக் காட்டினால் ஒரு பரிசுப் பெட்டி. ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து எண்ண வேண்டும். மகள் கல்யாணத்தன்று தேவாலயத்துக் கழிவறையில் நின்று கைபேசியில் தலையைக் காட்டிவிட்டு வந்த தகப்பன் அவன். கப்பல் தலைவன் நெவிலுக்கு முப்பத்தொரு தொப்பி உண்டு. சொந்தத் தலைக்கு ஒன்றே ஒன்று, அதிலும் டயர் விளம்பரம்.

ராஸும் விளையாடுகிறவன்தான், ஆனால் தனியாக. தொலைந்த தம்பியைத் தேடிக் குதிரையில் போகிற ஒருவனின் கதை. நாலு வருடமாக மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறது. தம்பியே தேடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"என் குதிரைக்காரன் நிறுத்துன எடத்துல நிப்பான்யா. நிதானமா கறியத் திருப்பிட்டு வரலாம்" என்பான் ராஸ்.

"அவனுக்கு நீ வந்தா என்ன, வராட்டி என்ன? எனக்காக ஏழு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

"உனக்காகவா? உன் தொப்பியப் பாக்கவா?"

நெவில் அறையில் நேரமே வேறு. ஊர் சிட்னிக்காரர்களின் மாநிலத்தில் இருந்தாலும் கடிகாரம் அடிலெய்டோடு சேர்த்தி; சிட்னிக்கு அரை மணி பிந்தித்தான் ஓடும். விளையாட்டு நடப்பதோ சிட்னி நேரத்தில். ஒருமுறை அரை மணி தவறி ஒரு கடற்சண்டையே கைவிட்டுப் போனதும், அறைச்சுவர்க் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்துவிட்டான். "நான் சமையக்கட்டுல பத்து மணிக்குப் போடுற டீ, அந்த ரூமுக்குப் போறப்ப பத்தரை ஆயிடுதுண்ணே. ஆறிப்போச்சுன்னு எங்கிட்ட கத்துறாரு" என்று அவன் மனைவி லொரெய்ன் ராஸிடம் முறையிடுவாள்.

சென்ற மாதம் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மறக்க முடியாத பயணத்துக்கு நன்றி. வரும் ஞாயிறு சிட்னி நேரம் பகல் பன்னிரண்டுக்குக் கப்பல், கடல், தொப்பி எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடுகிறோம் என்று. மிகவும் மரியாதையான கடிதம்.

நெவில், ராஸ் ஓட்டும் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்று, டயரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஞாயித்துக்கெழம பதினொன்னரைக்கு வா. எட்டுல ஒருத்தன் போன வருசம் செத்துட்டான். அவன் எடம் காலியா இருக்கு. கடைசி நிமிசம் எட்டு பேரா நிக்கணும்."

"எனக்குக் கப்பலெல்லாம் ஓட்டத் தெரியாதேய்யா."

"கையாட்டத் தெரியுமில்ல? என் போன்ல ஒரு பட்டன்தான்."

ஞாயிறன்று ராஸ் வாழ்நாளில் செய்யாத காரியம் செய்தான். பாதி வெந்த கறியை அடுப்பிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினான். கைக்கடிகாரத்தில் சரியாகப் பதினொன்றரைக்கு நெவில் வீட்டுப் படியேறினான். லொரெய்ன் அறைப்பக்கம் கையைக் காட்டினாள்.

திரை சாம்பல் நிறத்தில் கிடந்தது. 'இணைப்பு இல்லை' என்று ஒரே ஒரு வரி. சுவரில் மணி பன்னிரண்டும் இரண்டு நிமிடமும்.

"கரெக்டா பதினொன்னரைக்கு வந்துட்டேனே மச்சான்..."

"ஆமா. சமையக்கட்டுல."

நெவில் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வரிசையா நின்னோம். உனக்கு நடுவுல எடம் விட்டிருந்தோம். நியூசிலாந்துக்காரன் கேட்டான், எங்கய்யா உங்க ஆளுன்னு. கறியத் திருப்பிட்டு வந்துருவான்னேன்."

நெவில் எழுந்து, ஒன்பது வருடமாக உட்கார்ந்து தேய்த்த நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளினான்.

"நீதான் ஒசரம். ஏறி அந்தக் கடிகாரத்த நம்மூரு நேரத்துக்கு வச்சிரு."