கடைசிப் பெட்டிப் படங்கள்

எங்கள் மலையில் ரயில் கிடையாது. தேயிலை உண்டு, முட்டைக்கோஸ் உண்டு, வார இறுதியில் ரிங்லெட் முதல் தானா ராத்தா வரை மலைச்சாலையில் நகராமல் நிற்கும் கார்கள் உண்டு. தண்டவாளத்தை மட்டும் யாரும் மேலே கொண்டுவரவில்லை. இருந்தும் எங்கள் தோட்டத்து லயத்தில் ரயில் நிபுணர் ஒருவர் இருக்கிறார் என்றால் அது நான்தான். மறுத்துப் பேச ஆளில்லாத ஊரில் நிபுணராக இருப்பது சௌகரியம்.

வேலை கீழே, லிப்பிஸ் பக்கம். காட்டுக்கும் செம்பனைக்கும் நடுவே, ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அதற்கு நான் மாஸ்டர். பதவியைக் கேட்டு மிரள வேண்டாம். என் ஷிப்டில் மாஸ்டரும் நானே, பிளாட்பாரம் கூட்டுபவனும் நானே. ஆறு நாள் அங்கே, இரண்டு நாள் மலையில் மனைவியோடு.

ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. பெரிய வளையம் ஒன்றில் சிறு பை; பைக்குள் ஒரு சாவி. அது கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம். எங்கள் ஸ்டேஷனில் வண்டி நிற்காது, வேகம் மட்டும் குறையும். டிரைவர் பழைய வளையத்தை என் பக்கம் நீட்டிவிட்டு, புதியதை என்னிடமிருந்து பறித்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் என் வலக்கையில் வளையம், இடக்கையில் பச்சைக்கொடி, கழுத்தில் கேமரா.

என் கலைக்கு நேர்ந்த கதி இப்போது புரிந்திருக்கும். என்ஜின் வரும்போது எனக்குக் கை இல்லை. அது போன பிறகும் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் பெட்டி எதுவோ வழியில் கழன்று நிற்கிறது என்று அர்த்தம். விளக்கைப் பார்த்த பிறகுதான் கேமராவைத் தொடுவேன். ஆக, பதினோரு வருடமாக நான் எடுத்ததெல்லாம் ரயிலின் பின்பக்கம். வெயிலில் பின்பக்கம், மழையில் பின்பக்கம், காலைப் பனியில் கொஞ்சம் கவித்துவமான பின்பக்கம்.

லீவு நாளில் எடுக்கலாமே என்று கேட்கலாம். கிடைத்த இரண்டு நாளிலும் ரயில் பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ரிட்டயர் ஆன கிராணி. தோட்டத்து ஆபீஸில் முப்பது வருடம் செக்ரோல், அதாவது ஆள்வருகைப் பேரேடு, எழுதியவர் என்பதால் எதையும் பக்கம் விடாமல் பார்ப்பார். என் ஆல்பத்தையும் அப்படித்தான் பார்த்து முடித்தார்.

"என்ன தம்பி, எல்லா ரயிலும் உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரியே இருக்கு?"

"கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் கிராணி ஐயா," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "சாப்பிட்டு எந்திரிச்சுப் போறவங்களத்தான் எடுப்பாரு. வர்றவங்கன்னா கூச்சம்லா இவருக்கு."

ரயிலின் சாரமே புறப்பாட்டில்தான் இருக்கிறது என்று நான் விளக்கினேன். நிறையப் புத்தகம் படிப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு: முடியாததற்கெல்லாம் கொள்கை என்று பெயர் வைத்துவிடலாம்.

கொள்கை ஒரு சுற்றறிக்கை வரும்வரை தாங்கியது. டீசல் என்ஜின் இழுக்கும் பழைய வண்டிகளை எடுத்துவிட்டுப் புதிய வண்டிகளை விடப்போகிறார்களாம். புகை படிந்த அந்த மொட்டை மூக்கைப் பதினோரு வருடமாகத் தினமும் பார்த்தவன், அதன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஒரே ஒரு படம் போதும், என்னை நோக்கி வருகிற மாதிரி. வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

அவசரமாக லீவு போட்டேன். லீவு போட்டுவிட்டு வேலையிடத்துக்கே போகிற மனிதனை மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தினம் பாக்கறதுதானே?"

"பாத்திருக்கேன். எடுத்ததில்லையே."

"சரி, போய்ட்டு வாங்க. இந்தத் தடவையாவது மூஞ்சியோட வாங்க."

பழைய வண்டியின் கடைசி நாள். அடுத்த ஷிப்ட்காரர் சீருடையில், கொடியும் வளையமுமாக நின்றார். நான் டி-ஷர்ட்டில், அவருக்குப் பத்தடி முன்னால், இரண்டு கையிலும் கேமராவைப் பிடித்தபடி. இரண்டு கையும் எனக்கே சொந்தமாக அந்தப் பிளாட்பாரத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

வளைவில் என்ஜின் தெரிந்தது. மூக்கு, விளக்கு, புகை எல்லாம் சட்டத்துக்குள் அடங்கி வந்தன. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வரட்டும் என்று காத்தேன். டிரைவர் என் பழைய சிநேகிதர், மலாய்க்காரர். ஜன்னலில் தலையை நீட்டியவர் சீருடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பதினோரு வருடப் பழக்கத்தில் வளையத்தை என் பக்கம் நீட்டினார். பதினோரு வருடப் பழக்கத்தில் என் கையும் தானாக எழுந்து போயிற்று. கேமரா நெஞ்சில் வந்து இடித்தது. வளையம் முழங்கை வரை ஏறி நின்றது. பத்தடி தள்ளி ஷிப்ட்காரர் புதிய வளையத்தை ஒழுங்காகக் கொடுத்து அனுப்பினார். ரயில்வேக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பெட்டிகள் போயின. "விளக்கு இருக்கு," என்றேன், யாரும் கேட்காமலே. பிறகு கேமராவை எடுத்து, வழக்கம்போல, பின்பக்கம்.

சாயந்திரம் டிரைவர் போன் செய்து மலாயில் வருத்தப்பட்டார். "உன் முகத்தப் பாத்தா என் கை தானா நீளுது, நான் என்ன செய்ய? படம் எடுக்கறேன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?" மலை முழுக்கச் சொன்னவன் அவரிடம் மட்டும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுவாரம் புதிய வண்டி வந்தது. வலக்கையில் வளையம், இடக்கையில் கொடி. கடைசிப் பெட்டி தாண்டியதும் கேமராவைத் தூக்கியவன் திகைத்து நின்றேன். அதற்கு இரண்டு பக்கமும் முகம். முன்னால் இருக்கும் அதே கண்ணாடி, அதே மூக்கு, பின்னாலும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரயில் என்னை நேராகப் பார்த்தது, பார்த்தபடியே போய்விட்டது. போவதற்குள் ஒன்று எடுத்துவிட்டேன்.

அந்தப் படத்தை மனைவி சட்டம் போட்டு ஹாலில் மாட்டினாள். பக்கத்திலேயே, பழைய வண்டியின் கடைசிப் படத்தையும். கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்பதான் தம்பி உங்களுக்குக் கை வந்திருக்கு. பழசு போவுது, புதுசு வருது. எவ்வளவு அர்த்தமா இருக்கு."

"நான்தான் ஐயா சேத்து மாட்டுனேன்," என்றாள் மனைவி பெருமையாக.

புதிய வண்டியின் முகத்துக்குக் கீழே இரண்டு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. வருகிற வண்டிக்கு வெள்ளை, போகிற வண்டிக்குச் சிவப்பு. மலையில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நிபுணன் வாயைத் திறக்காமல் தேநீரைக் குடித்தான்.