பாஸ் மார்க் வாங்கிய ரத்தம்

ஒரே காரில் மூன்று துறை ஆராய்ச்சி போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவள் நான். என்னுடையது சுகாதாரத் துறை, சர்க்கரை வியாதி. பக்கத்து இருக்கையில் வேதியியல்காரி, தைப்பிங் பெண். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் அடித்த களைக்கொல்லி இன்னும் மண்ணில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பின்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் வணிகத் துறை அண்ணன், ஜெலாப்பாங்கில் வளர்ந்தவர். வீட்டிலிருந்தே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் முறுக்கும் செய்து விற்கிற பெண்களின் தொழில் எப்படி நடக்கிறது என்று அவர் கேட்டு எழுத வேண்டும்.

மூவரும் விரும்பிச் சேர்ந்தவர்கள் இல்லை. மூன்று துறைகள் ஒரே ஊரில் சேர்ந்து வேலை செய்தால்தான் ஆய்வுப் பணம் தருவோம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. எந்த ஊர் என்ற பேச்சு வந்ததும் நான் முந்திக்கொண்டேன். ஈப்போ நகருக்கு வெளியே நான் பிறந்த ரப்பர் தோட்டம் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பாதி நிலம் செம்பனையாகி, மீதியில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு எழும்பிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் அந்தத் தாமானின் கடைசித் தெருக்களில் மலிவு வீடுகளுக்குக் குடிபோயிருந்தார்கள். எனக்கு அங்கே எல்லாரையும் தெரியும். தெரிந்த ஊர் என்றால் வேலை சுலபமாக முடியும் என்று நினைத்தேன்.

வேலை சுலபமாக முடிந்தாக வேண்டிய நிலைமை. பகல் முழுக்க வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவள் நான். ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இன்னொன்று கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தை விட்டு வந்த சனங்கள் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள், அதனால் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பதுதான் என் ஆய்வு. அந்த வருடக் கடைசிக்குள் கணக்குகள் கைக்கு வராவிட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பைதான்.

காரில் எப்போதும் சண்டை. கருவி எதுவும் தொடாத வேலையை வேதியியல்காரி ஆராய்ச்சி என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். "நீங்க ரெண்டு பேரும் ஆளுங்கள கேள்வி கேக்கிறீங்க. ஆளுங்க பொய் சொல்லுவாங்க. மண்ணு சொல்லாது," என்பாள். சந்தைக்கு வராத அறிவு யாருக்கு என்ன பிரயோசனம் என்று அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். உடம்பு நன்றாக இருந்தால்தானே மண்ணைத் தோண்டவும் கடை போடவும் முடியும் என்று நான் சொன்னால், இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்வார்கள்.

ஊரில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி மாளாது. அங்கே ஓர் அக்கா இருந்தார். சின்ன வயதில் எனக்கு அடுத்த வீடு. இப்போது தொழிற்சாலை பஸ்ஸில் போய் வேலை செய்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் கோவில் மகளிர் குழுவை நடத்துகிறவர். அந்தத் தெருக்களில் அவர் சொன்னால் சொன்னதுதான். "நீ கவலப்படாத, தங்கச்சி. எல்லாரையும் நான் கூட்டிக்கிட்டு வாரேன்," என்றார். சொன்னபடியே கோவில் மண்டபம் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டினார்கள். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. அன்றைக்குத் திரும்பும்போது காருக்குள் சண்டையே இல்லை.

கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்த்தபோது முதலில் தலையில் கை வைத்தவள் வேதியியல்காரி. "அக்கா, உங்க ஊரு மண்ணுல தேங்காய் நாரு இருக்கு. வெள்ள வெள்ளயா குட்டி உருண்ட இருக்கு. பூச்செடிக் கடையில பைல விக்கிறானே, அந்த மண்ணு," என்று என்னிடம் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணைக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று அவள் ஒவ்வொரு வீட்டிலும் பை கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கறுத்துக் கிடக்கிற சாக்கடையோர மண்ணைப் படித்த பெண்ணிடம் எப்படிக் கொடுப்பது என்று நினைத்து, பாதிப் பேர் கடையில் வாங்கி நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மண்ணும் பொய் சொல்லும் போலிருக்கிறதே என்று அவளைச் சீண்டினேன்.

அடுத்தது அண்ணன். அவருடைய கேள்வித்தாளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். 'என் தொழில் எனக்கு மனநிறைவு தருகிறது' என்பதற்கு எல்லாரும் ஐந்து. நல்லது. 'இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று அடிக்கடி நினைக்கிறேன்' என்பதற்கும் ஐந்து. எல்லாமே ஐந்துக்கு ஐந்து. "நான் என்னத்த எழுதுறது? ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, அதனால கடய மூடப் போறாங்கன்னா?" என்று அவர் கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

என் முறை வந்தபோது சிரிப்பு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு விதமாக ரத்தம் பார்த்திருந்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்றைய காலை நிலவரத்தைச் சொல்லும். இன்னொன்றை எங்கள் பக்கம் மூன்று மாதச் சர்க்கரை என்பார்கள். கடந்த மூன்று மாதமாக உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய காலைச் சர்க்கரை எல்லாருக்கும் அழகாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை முக்கால்வாசிப் பேருக்குப் பயங்கரமாக இருந்தது. சாப்பாட்டு விவரத்தில் ஓட்ஸ், பாகற்காய், வெந்தயத் தண்ணீர். சோறு என்ற வார்த்தையே இல்லை.

என் பேராசிரியை இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சீனப் பெண்மணி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஒன்று ஆய்வகத்தில் தவறு, இல்லையென்றால் யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்றார். யாரோ என்றது என்னைத்தான். இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். வேலை முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் செஞ்சீங்களா என்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்.

"ஆமாலா. வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் வாய்ஸ் போட்டேன். ஒரு வாரம் யாரும் சோறு தொடக்கூடாது, சீனி பால் போட்ட தே தாரேக் டீ குடிக்கக்கூடாது, பாவக்கா ஜூஸ்தான்னு. உன் பரிச்சயில்ல? நாங்க பெயிலாப் போனா உன்னதானே கேப்பாங்க. எல்லாரும் பாஸ்தானே?"

"மாத்திர?"

"ரெண்டு நாளு ரெட்டயாப் போட்டேன். பஸ்ஸுல போகும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. மிட்டாய் வாயில போட்டுட்டு உக்காந்துட்டேன். அது ஒண்ணுமில்லலா."

அந்த மாத்திரையை இரட்டையாகப் போட்டு சாப்பிடாமலும் இருந்தால் என்ன ஆகும் என்று படித்தவள் நான். என் பட்டத்துக்காக இந்தப் பொம்பளை பஸ்ஸில் செத்துப் போயிருப்பார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. அக்கா நறுக்குவதை நிறுத்திவிட்டார். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கிளினிக்குக்கும் இப்படித்தான் போவோம், தங்கச்சி. எண்ணு கூடுனா திட்டுவாங்க. இத்தன வயசுக்கு அப்புறம் சின்னப் புள்ள மாதிரி நின்னு திட்டு வாங்க முடியுமா? அதான் மூணு நாளைக்கு முன்னாடியே வாயக் கட்டிடறது. எல்லாரும் செய்றதுதான்."

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். கோபமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எனக்காக இத்தனை பேர் பட்டினி கிடந்திருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம். இத்தனை வருடமாகத் தங்கள் வியாதியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வெளியாட்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம்.

நடந்ததை அப்படியே பேராசிரியையிடம் சொன்னேன். நம்பினார். நம்பிவிட்டு, ஊரை மாற்றச் சொன்னார். உன்னைத் தெரியாத சனங்களிடம் போ, உனக்காக யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்றார். ஆய்வு முறைப்படி அவர் சொன்னது சரி. நான் முடியாது என்றேன். அதே ஊர், அதே ஆட்கள், இன்னொரு முறை. அவர்கள் மறுபடியும் அதையே செய்தால் உன் பட்டம் அவ்வளவுதான் என்றார். தெரியும் என்றேன். ஆய்வு நெறிக் குழுவும் ஒரே ஒரு முறைதான் அனுமதி கொடுத்தது.

எனக்குள் இருந்த கணக்கு எளிமையானது. சுத்தமான எண்ணுக்காக வேறு ஊருக்குப் போனால் பட்டம் கிடைக்கும். அக்கா மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருப்பார். அப்படி வருகிற பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மற்ற இரண்டு பேரையும் கேட்டேன். "எனக்கும் மண்ணு இன்னும் கிடைக்கலயே," என்றாள் வேதியியல்காரி. அண்ணன் கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். இனிமேல் அந்தப் பெண்கள் கடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்ளப் போகிறாராம். முதல் தடவையாக மூன்று துறையும் ஒரே விஷயத்தை ஆராய்ந்தது. நல்ல பேர் எடுத்துத் தர நினைக்கிற சனங்களிடம் உண்மையைக் கேட்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். இந்த முறை யாரும் பட்டினியோடு வரக்கூடாது, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், முதலில் விரல் நுனி ரத்தம் மட்டும் என்று அக்காவின் குரூப்பிலேயே சொல்ல வைத்திருந்தேன். அண்ணன் விடிவதற்கு முன்பே போய் ஒரு வீட்டில் நாசி லெமாக் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். வேதியியல்காரி யாரையும் கேட்காமல் மண்வெட்டியோடு சாக்கடையோரம் இறங்கிவிட்டாள். அய்யய்யோ, அங்க வேணாம்மா என்று இரண்டு பேர் அவள் பின்னால் ஓடினார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் எழுந்து பேசினேன். இது பரீட்சை இல்லை என்றேன். எண் கூடினால் யாரும் பெயில் இல்லை, எனக்கும் கெட்ட பேர் இல்லை என்றேன். தலையாட்டினார்கள். ரத்தம் எடுக்கப் போட்டிருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. முன் வரிசையில் இருந்தவரை அழைத்தேன். "நேத்து கொஞ்சம் கூடுதலா சாப்பிட்டுட்டேன், அடுத்த வாரம் வாரேனே," என்றார். அவருக்கு அடுத்தவருக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். அக்கா கண்களைத் தரையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். மாத்திரை சமாச்சாரத்துக்கு நான் கத்தியது அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வழி காட்டலாம் என்பதற்கு மேல் எனக்கு எந்த யோசனையும் இல்லை. வயது நாற்பதைத் தாண்டாதவள், படித்தவள், என் எண் சாதாரணமாகத்தான் வரும். எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று சிரித்துக் காட்டிவிட்டு எழுந்துவிடலாம். எங்களோடு வந்திருந்த, மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற மலாய் நர்ஸ் என் விரலைக் குத்தி, ரத்தத்தைச் சோதனை அட்டையில் தொட்டு, கருவியை என் பக்கம் திருப்பினார்.

பதிமூன்று.

எங்கள் ஊர்க் கருவிக் கணக்கில் சாப்பிட்ட பிறகானாலும் எட்டைத் தாண்டக்கூடாது என்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அட்டையை மாற்றி வேறு விரலில் குத்தினார். மறுபடியும் அதேதான். எண்ணைப் பார்த்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். எத்தன வந்துச்சு என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஆறு என்ற சொல் வாய் வரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆறு என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள், நான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பேன்.

"பதிமூணு," என்றேன். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "பதிமூணு. எனக்கு இது தெரியாது. இப்பதான் தெரியுது."

செருப்புப் போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். அக்கா சுவரை விட்டு வந்தார். என் தோளில் கை வைத்து, "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். ரோத்தி சானாய் ரெண்டு, இனிப்பு போட்ட தே தாரேக் என்றேன். "எந்திரி," என்றார்.

எழுந்தேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மிஸ்ஸியிடம் விரலை நீட்டினார். நேற்று பேரன் பிறந்தநாள், கேக் இரண்டு துண்டு, ராத்திரி பிரியாணி, காலையில் அதே பிரியாணி என்று நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதிக்கொண்டேன். கருவியில் எண் வந்தது. வாசிக்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னைத் தடுத்துவிட்டு, கருவியை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சனங்கள் பக்கம் திரும்பினார்.

"பதினேழு. எனக்கு," என்றார். "அடுத்தவங்க வந்து உக்காருங்க. எம்புட்டு வருதோ அத வாயால சொல்லிட்டுப் போங்க."