இல்லாத பிரேக்கை மிதித்த கால்

போன வருடம் ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம், குமாரபாளையத்திலிருந்து பவானிக்குப் போகும் காவிரிப் பாலத்தின் நடுவில், நான் சாகப் போகிறேன் என்று உறுதியாக நம்பினேன். நெரிசலில் கார் நின்றிருந்தது. கீழே ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மார்பு அடைத்தது, விரல்கள் மரத்துப்போயின, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாரடைப்பு வந்தால் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று எனக்கு வரிசையாகத் தெரியும். அதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியவில்லை.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஈ.சி.ஜி. சொன்னது, எக்கோவும் அதையே சொன்னது. கடைசியில் சேலத்தில் ஒரு மனநல மருத்துவர், இது பதற்றத்தால் வருவது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையால் தூக்கம் வந்தது. ஆனால் பாலம் என்று யாராவது சொன்னாலே உள்ளங்கை வேர்த்தது. நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நாமக்கல் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கும் தகுதிச் சான்று கொடுத்த ஆளுக்கு, ஒரு பாலத்தைத் தாண்டத் தகுதி இல்லாமல் போயிற்று.

தாண்டாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றால், தை மாதம் தங்கை மகனுக்குக் கல்யாணம். மண்டபம் பவானியில். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன். தங்கைக்கு நான் ஒரே அண்ணன். எங்கள் ஊரான திருச்செங்கோட்டிலிருந்து எப்படிச் சுற்றிப் போனாலும் காவிரியை எங்காவது ஓரிடத்தில் தாண்டியே ஆக வேண்டும். எல்லாப் பாலங்களையும் வரைபடத்தில் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

தங்கை போனில் அழவெல்லாம் இல்லை. "ஏனுங்கண்ணா, கொமாரபாளையத்துல நின்னுக்கிட்டு பட்டத்த ஆத்துக்கு மேல வீசறதா உத்தேசமுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அப்போதுதான் மருத்துவர் நியூரோஃபீட்பேக் என்று ஒன்றைச் சொன்னார். சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது, ஆராய்ச்சிகள் இன்னும் முடிவாக எதையும் சொல்லவில்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டார். தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் ஆளை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. அதனாலேயே சம்மதித்தேன்.

சிகிச்சை கொடுத்த பெண் என் தலையில் பசை தடவி, பொத்தான் போன்ற சென்சார்களை ஒட்டினார். காதிலும் கிளிப் மாட்டினார். இயந்திரத்தை எப்போது சரிபார்த்தார்கள், சான்று இருக்கிறதா என்று விசாரித்தேன். பொறுமையாக எடுத்துக் காட்டினார். "இது கரண்ட் குடுக்கற மெசின் இல்லீங்க சார். உங்க மூளையில என்ன ஓடுதோ அதப் படிச்சுக் காட்டறது மட்டுந்தான்" என்றார்.

எதிரே திரையில் ஒரு கார். மூளையின் அலைகள் அமைதியின் பக்கம் சாய்ந்தால் கார் ஓடும், இசை கேட்கும். பதற்றத்தின் பக்கம் போனால் கார் நின்று திரை மங்கிவிடும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எத்தனையோ பேரை ஓட்டச் சொல்லிப் பார்த்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று உட்கார்ந்தேன்.

கார் நகரவே இல்லை. மூச்சை விதிப்படி இழுத்து விதிப்படி விட்டேன். திரை இன்னும் இருண்டது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கார் நின்றாலே எனக்குப் பாலத்து நெரிசல் நினைவு வந்து, வைத்தியமே வியாதியாகிவிடும் போலிருந்தது.

ஒருநாள் துணைக்கு வந்த என் மனைவி பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கார் கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றபோது, கொட்டாவியோடு சொன்னார்: "ஏனுங்க, கால எடுங்க. அங்க ஏதுங்க பிரேக்கு?"

குனிந்து பார்த்தேன். வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் தேர்வுக்கு வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே என் பணிக்காலம் கழிந்தது. அந்த இருக்கைக்கு முன்னால் பெரும்பாலும் பிரேக் இருக்காது. இருந்தாலும் கால் மிதிக்கும். சிகிச்சை கொடுத்த பெண், கால் இறுகும்போது கூடவே தாடையும் இறுகுகிறது, அதுவும் மூளை அலைகளின் சிக்னலில் கலக்கிறது என்று காட்டினார். காலைத் தளர்த்தினேன். கார் ஓடியது. கொஞ்ச தூரம்தான், ஆனால் ஓடியது. "ஸ்கிரீன்ல ஓடுச்சுன்னா பாலத்துலயும் ஓடும்னு நான் சொல்ல மாட்டேனுங்க" என்று அவர் எச்சரித்தே அனுப்பினார்.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாத வேளையில் வாடகைக் காரில் கிளம்பினோம். நான் முன்னால்; மனைவி பின்னால், மடியில் பட்டம் வைத்த தட்டோடு. பாலத்தின் பாதியில் ஏறக்குறைய அதே இடத்தில் கார் நின்றது. எதிரே நூல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பழுதாகிக் கிடந்தது.

மார்பு அடைத்தது. விரல்கள் மரத்தன. கதவைத் திறந்து இறங்கி, வந்த வழியே நடந்துவிடலாம் என்று கைப்பிடியை இழுத்தேன். பக்கத்தில் ஒரு பேருந்து ஒட்டி நின்றதால் கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். "மாப்பளைய மணையில உக்கார வெச்சாச்சுங்கண்ணா" என்றாள். போனை மடியில் போட்டேன்.

பின்னாலிருந்து மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "காலு."

காரின் கால்மிதியில் புதைந்து கிடந்தது என் வலது கால். செருப்பைக் கழற்றினேன். இரண்டு கால்களையும் மேலே இழுத்து, சீட் பெல்ட்டோடு இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வேறு யாராவது இப்படி உட்கார்ந்திருந்தால் இறக்கிவிட்டு வகுப்பு எடுத்திருப்பேன்.

ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், என்னைய லைசென்ஸ் டெஸ்ட்ல பெயிலாக்குனது நீங்கதானுங்க. இங்க எட்டுப் போடச் சொல்லீராதீங்க, பாலத்துல எடமில்லீங்க" என்றார்.

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஏதோ ஒன்று என்னிடமிருந்து வந்தது. அதோடு ஒரு மூச்சும் வந்தது. அடைப்பு உடனே விலகிவிடவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. நான் காலைக் கீழே விடாமல் உட்கார்ந்திருந்தேன். லாரியை ஓரங்கட்டினார்கள். கார் நகர்ந்தது.

பட்டம் கட்டும்போது என் கை நடுங்கியது. தாய்மாமன் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

எனக்குக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது, பாலம் வந்தால் இன்றும் வேர்க்கிறது. ஆனால் நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் முதலில் என் வலது காலைத்தான் பார்க்கிறேன்; மகன் போனை எடுக்காத நேரத்திலும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போதும், யாரோ ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு வண்டிக்காக அது பாவம், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் இருக்கிறது.